பக்கத்துக் கட்டம்

இப்போதெல்லாம் எவனும் நேரில் வந்து நின்று, வந்தாச்சா என்று கேட்பதில்லை. வீடியோ காலில், போனுக்குள் ஆளுக்கொரு கட்டமாக வரிசையாக உட்கார வைத்து எண்ணிக்கொள்கிறார்கள்.

நேரில் வந்தால் ஒரு டீ வாங்கித் தரவேண்டி வரும். அதுதான்.

அவர் வாச்மேன் தொப்பியைச் சரிசெய்தார். போனை விசிட்டர் நோட்டின்மேல் சாய்த்து வைத்தார். முகத்தில் வெளிச்சம் விழவேண்டும் என்பது கம்பெனி உத்தரவு. ஜன்னலைத் திறந்துவிட்டார்.

ஆறு ஐம்பது. எல்லோரும் ஏழு மணிக்குச் சேர்ந்தால் போதும்.

திரையில் அவர் கட்டம் மட்டும் இருந்தது. நரைத்த மீசை. அன்றைக்குச் சவரம் செய்த தாடை.

அறுபத்தெட்டு வயதில் தினமும் எதற்குச் சவரம் என்று மாடிவீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார். கம்பெனியில் கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்.

ஆறு ஐம்பத்திரண்டு. வலப்பக்கம் இன்னொரு கட்டம் திறந்தது.

அவள்.

சேலைக்கு மேல் நீலக் கோட்டு. பின்னால் ஆஸ்பத்திரிச் சுவர். ஒரு வாளி.

மயிலாத்தாள். அதே கம்பெனியில் கூட்டித் துடைக்கிற வேலை. அவருடைய மனைவி. கம்பெனியில் யாருக்கும் இது தெரியாது.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் அவர் ஒரு வார்த்தை சொன்னார். அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். நாலு நாள் கழித்துப் போய்க் கூட்டி வந்திருக்கவேண்டும். தானாக வருவாள் என்று இருந்துவிட்டார்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் இந்தக் கட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து அவர் ஆறு ஐம்பதுக்கே வந்துவிடுகிறார். முதல் ஆள் அவர். அடுத்தது அவள். வேறு யாரும் வருவதற்கு ஏழு எட்டு நிமிஷம் ஆகும்.

அதுவரை இரண்டே கட்டம்.

பேசுவதில்லை. மேடம் பெயரைக் கூப்பிட்டால்தான் சத்தத்தைத் திறக்கவேண்டும் என்று விதி. நல்ல விதி. திறந்தால் என்ன பேசுவது?

அவர் தன் கட்டத்தில் இடதுபக்கம் ஒதுங்கி உட்கார்ந்தார். வலப்பக்கம், அவள் இருக்கும் பக்கம், கொஞ்சம் இடம் விட்டார். பஸ் சீட்டு முழுக்கப் பரப்பி உட்காருகிற ஆள் என்று அந்தக் காலத்தில் அவள் திட்டுவாள்.

நடுவில் உட்காரச் சொல்லி மேடம் பலமுறை சொல்லியாயிற்று. காது கேட்காத மாதிரி இருந்துவிடுவார்.

ஏழு மணிக்கு சூப்பர்வைசர் ரெஜினா மேடம் வந்தார். கட்டங்கள் மளமளவென்று நிறைந்தன. ஒருவன் பல் விளக்கிக்கொண்டிருந்தான். ஒருத்தியின் கட்டத்தில் வீட்டுக் கூரை ஓடு மட்டும் தெரிந்தது. மீதிப் பேரைப் பார்க்க விரலால் தள்ளவேண்டும். அவர் தள்ளுவதில்லை.

மேடம் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்.

"மயிலாத்தாள்."

"வந்துட்டனுங்க."

வாசலில் கேட்பதற்காக அவர் காத்திருந்த சொல். யாரோ ஒருத்தியிடம் தினமும் சொல்கிறாள்.

கடைசியில் மேடம் புது ஏற்பாட்டைச் சொன்னார். ஆள் கூடிவிட்டதாம். குரல் ஒன்றோடொன்று மோதுகிறதாம். திங்கட்கிழமையிலிருந்து இரண்டு பிரிவு. வாச்மேன்கள் ஏழு மணிக்கு. கூட்டித் துடைக்கிறவர்கள் ஏழரைக்கு.

அவர் கையைத் தூக்கினார். நிஜக் கையை.

சொல்லுங்கள் என்றார் மேடம்.

தன்னை ஏழரைக்குப் போட்டுவிடச் சொன்னார். வாச்மேன் அதில் வரமுடியாது என்றார் மேடம். பெரியவருக்குத் தூக்கம் பத்தலையாட்ட இருக்குது என்று எவனோ சத்தத்தைத் திறந்து சொன்னான். கட்டத்துக்குக் கட்டம் வாய்கள் சத்தமில்லாமல் சிரித்தன.

அவள் சிரிக்கவில்லை.

அவர் போனுக்குக் கிட்டே குனிந்தார்.

"தூக்கமில்லீங்க. நாலு மாசமா இந்த எடத்துல உக்கார்றனுங்க. பக்கத்துல இருக்கறவங்க அப்படியே இருக்கட்டும்."

மேடமும் சிரிக்கவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார்.

"ஐயா, ஒவ்வொருத்தர் போன்லயும் ஒவ்வொரு வரிசையில வருமுங்க. என் போன்ல நீங்க கடைசில இருக்கறீங்க. இதுல யாரும் யாருக்கும் பக்கத்துல இல்லீங்க."

அவர் வலப்பக்கம் பார்த்தார். அவள் குனிந்திருந்தாள்.

அப்படியானால் அவள் போனில் அவர் எங்கே இருக்கிறார்? கீழே, விரலால் தள்ளினால்தான் தெரிகிற இடத்திலா?

தள்ளிப் பார்த்திருப்பாளா?

மேடம் படித்தவர். படித்தவர்கள் எதையும் அடித்துச் சொல்வார்கள். நாலு மாதமாகக் கண்ணால் பார்ப்பது யார்? மேடமா, அவரா?

வெளியே ஸ்கூல் வேன் ஹாரன் அடித்தது.

அவர் எழுந்தார். போனை அணைக்கவில்லை. தன் நாற்காலியை இன்னும் கொஞ்சம் இடதுபக்கம் நகர்த்திப் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

பின்னால் மேடத்தின் குரல் கேட்டது.

"மயிலாத்தாளம்மா, நடுவுல வந்து உக்காருங்க. எத்தனை நாளாச் சொல்றது? ஒரு பக்கம் எடம் சும்மா கெடக்குது பாருங்க."

அவர் திரும்பவில்லை.

இந்த மேடத்துக்கு ஒன்றும் தெரியாது என்று முனகிக்கொண்டே கேட்டைத் திறக்கப் போனார்.