பெரிய வீட்டில் பிரதமர்

"பிரதமரம்மா சாப்பிடறது எங்க வூட்டுலதான்னு எழுதிக்க, ரூத்து."

ராகவன் கூடத்து சோபாவில் சாய்ந்திருந்தார். கிராம உதவியாளரான ரூத், கொல்லைப்பக்கக் கதவருகே நோட்டும் பேனாவுமாக நின்றாள். வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடமாகியும் அந்தப் பெரிய வீட்டில் அவள் நிற்கிற இடம் அதுதான். கூலிக்கு வந்த அவள் அம்மா நின்றதும் அங்கேதான். உள்ளே வராதே என்று யாரும் சொல்வதில்லை. கால்கள் தாமாகவே நின்றுவிடும்.

எங்கோ கடல் நடுவே ஒரு தீவு நாடு. அதன் பிரதமர் ஆதியம்மாள் முனுசாமி அடுத்த வாரம் மாமல்லபுரத்துக்கு வருகிறார். அவருடைய கொள்ளுத்தாத்தா முனுசாமி, நூற்றிருபது வருடங்களுக்கு முன், மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலுள்ள இந்த ஊரிலிருந்து கப்பலேறியவர். இந்த ஊரில் ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்பது பிரதமரின் ஆசை. எந்த வீட்டில் என்று விசாரித்து எழுதும் வேலையை, வி.ஏ.ஓ. பூபாலன் ரூத்திடம் தள்ளிவிட்டிருந்தார்.

ராகவனின் கொள்ளுத்தாத்தாவுக்கு முனுசாமி என்று ஒரு தம்பி இருந்தாராம். பாகம் பிரித்தபோது கோபித்துக்கொண்டு போனவர் திரும்பவே இல்லை. ராகவனுக்கு அது போதுமாக இருந்தது.

செல்போனில் பிரதமரின் கதையைத் தேடி எடுத்து மனைவி லதாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். கரும்புத் தோட்டத்தில் பிறந்த பெண். தகரக் கொட்டகையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன டீச்சர். தோட்டத் தொழிலாளிகளோடு சேர்ந்து வேலைநிறுத்தம் செய்து பதினோரு நாள் சிறையிலிருந்தவர். இரண்டு தேர்தலில் தோற்று, மூன்றாவதில் ஜெயித்து, சுகாதார மந்திரியாகி, இன்று நாட்டையே ஆள்கிறவர்.

"பார்த்தியா, தோத்தும் வுடல. எங்க வம்சத்துப் புடிவாதம்" என்றார். அம்மா கரும்பு வெட்டியவர் என்ற வரியை மட்டும் விரலால் வேகமாகத் தள்ளிவிட்டார்.

பிரதமர் தங்கள் ரத்தம் என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். அப்படி எழுத இந்தப் படிவத்தில் இடமில்லை என்றாள் ரூத். மதிய உணவு, திரு. ராகவன் இல்லம் என்று மட்டும் எழுதினாள். பேனா தடங்கலில்லாமல் ஓடியது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ரூத் வசிக்கும் காலனியில் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. சர்ச் வாசலில் பந்தல் போட்டு, பிரதமரை அங்கே ஐந்து நிமிடமாவது உட்காரவைக்க வேண்டும் என்று இருந்தார்கள். ரூத்தின் கணவன் சாம், நாவலூரில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவன், சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்தான்.

"போன மாசம் அந்த நாட்டு ஆபீசர் வந்தாரே. நாள் பூரா நீதானே சுத்திக் காட்டுன? நம்ம தெருவைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

ரூத் தட்டை மறுபடி அவன் பக்கம் நகர்த்தினாள்.

"உங்கம்மா நின்னுச்சு, நீயும் நின்னுகினு கீற. கவர்மென்ட் சம்பளம் வாங்கி இன்னா புண்ணியம்?"

வலித்தது. பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, பிரதமர் வரும் அன்றைக்கு லீவு போடு என்றாள். அவங்க திங்கறத வேடிக்கை பார்க்கவா என்று கேட்டுவிட்டு அவன் எழுந்து போனான். அன்று முழுக்க அவன் முகத்தைப் பார்க்காமலே அவள் வேலை செய்தாள். பேசாமல் இருப்பது இத்தனை பெரிய வேலை என்று அவளுக்கு அதற்கு முன் தெரியாது.

பிரதமர் வந்தார். சின்ன உருவம், கறுத்த முகம், கஞ்சி போட்ட பருத்திச் சேலை. வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். கூடத்தின் நடுவே தலைவாழை இலை. ராகவன் பக்கத்திலேயே நின்று, இது நீங்கள் பிறந்திருக்க வேண்டிய வீடு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிரதமர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கத்தரிக்காய் கூட்டை இரண்டு தடவை கேட்டு வாங்கினார். ரசத்தைக் கையில் ஊற்றச் சொல்லிக் குடித்தார். அவசரமே இல்லை. ஒவ்வொரு வாயையும் எண்ணிச் சாப்பிடுகிறவர் போலிருந்தது.

சாப்பிட்டு எழுந்ததும் இலையை எடுக்க வேலைக்காரி ஓடிவந்தாள். ராகவன் அவளைத் தடுத்தார்.

"நீ போ. நம்ம வூட்டுப் பொண்ணு சாப்பிட்ட இலை. லதா எடுக்கட்டும்."

லதா குனிந்து இலையை மடித்து எடுத்தாள். பிரதமர் கைகழுவிவிட்டு வந்து அவளுக்கு நன்றி சொன்னார். பிறகு ராகவனிடம் திரும்பினார். யாரோ சொல்லிக்கொடுத்த தமிழ், நின்று நின்று வந்தது.

"எங்க முனுசாமி தாத்தா இந்த வீட்டுப் பண்ணையாள். பசி தாங்காம, சோறு கேட்டு இந்தக் கூடத்துக்குள்ள காலை வச்சுட்டார். கட்டிவச்சு அடிச்சாங்களாம். அதுக்கப்புறம்தான் கப்பலேறினார்."

எச்சில் இலையோடு லதா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"போன மாசம் எங்க ஆபீசர் அவர் பேரைச் சொன்னதும் ரூத் தன் தெருவிலேயே அவர் குடிசை இருந்த இடத்தைக் காட்டியிருக்காங்க. நான்தான், முதல் சாப்பாடு இந்தக் கூடத்துல, அதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன். இப்ப எங்க காலனிக்குப் போறேன்."