முப்பதைத் தாண்டாத வண்டி

ஒரே ஒரு ஊரிலே ஒரு ராஜாவுக்கு ஒரே ஒரு மகள். ராஜா என்றால் வீட்டுக்குள்ளே மட்டும்தான். வெளியே அவர் இன்சூரன்ஸ் ஆபீசில் விபத்து கிளெய்ம் பார்க்கிறவர். கதைப்படி மாப்பிள்ளை குதிரையில் வரவேண்டும். மகள் விரும்பிய பையன் வந்தது அறுநூற்று ஐம்பது சிசி பைக்கில்.

"முடியவே முடியாது," என்றார் அப்பா. "இந்த மாதிரி வண்டி வாங்கினவன் எல்லாம் கடைசியில என் டேபிளுக்குத்தான் வருவான். அவன் வரமாட்டான், அவன் ஃபைல்தான் வரும்."

"தங்கமான பையன்ப்பா."

"தங்கத்தை யாரும்மா நூத்தி நாப்பதுல விரட்டுவாங்க?"

அம்மா குறுக்கே வந்தாள். "வண்டியைப் பாத்தே தீர்ப்புச் சொன்னா எப்படிங்க? ஓட்டுறதைப் பாத்துட்டுச் சொல்லுங்க."

அதுவும் நியாயம்தான். திங்கட்கிழமை காலை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி சகிதம் அப்பா தன் ஸ்கூட்டரில் பையன் வீட்டுத் தெருமுனையில் பதுங்கினார். 'ஒரே ஒரு தடவை எண்பதைத் தொடட்டும். சோலி முடிஞ்சுது.'

பையன் கிளம்பினான். தெருவில் முப்பது. மெயின் ரோடு வந்தது, முப்பது. காலியாகக் கிடந்த மேம்பாலத்திலும் முப்பது. தண்ணீர் லாரி முந்தியது. பால் வண்டி முந்தியது. சைக்கிளில் வந்த ஒருவர் பைக்கை யானையைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, மணியடித்து முந்தினார்.

"அண்ணா, எறங்கித் தள்ளுங்க! சீக்கிரம் போயிடலாம்!" என்று சிரித்துக்கொண்டே போனாள் ஒரு பெண்.

ஆட்டோக்காரர் கையை ஆட்டி ஏதோ கத்தினார். பஸ் ஜன்னலிலிருந்து ஓர் அம்மாள் எட்டி எட்டித் திட்டினாள். காற்றில் அப்பாவுக்கு எதுவும் காதில் சரியாக விழவில்லை. 'பாவம், ஊரே வையுது. பையன் அசையணுமே!'

மறுநாள் சிக்னலில் பையன் பச்சையில் போய்விட்டான், அப்பாவுக்குச் சிவப்பு விழுந்துவிட்டது. பெண்ணின் வாழ்க்கைப் பிரச்சினையில் சிவப்பாவது பச்சையாவது? புகுந்து போனார்.

"யோவ் பெருசு, வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்றார் லாரிக்காரர்.

சிக்னல் தாண்டியதும் பார்த்தால், பையன் ஓரமாக நின்று பைக்கின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அப்பா சட்டென்று ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் ஒதுங்கி, மனசுக்குள் பையனுக்குப் பத்து மார்க் போட்டார்.

மூன்றாம் நாளும் முப்பதுதான்.

"அவ்வளவு வேகத்தைக் கையில வெச்சுக்கிட்டு அடக்கி ஓட்டுறான் பாரு, அதுதான் வளர்ப்பு!" என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை பையனை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள்.

"சம்மதம், தம்பி," என்றார் அப்பா. "ஒரே ஒரு கண்டிஷன். கல்யாணத்துக்கு அப்புறமும் நீ முப்பதைத் தாண்டக் கூடாது."

'சரின்னு சொல்லித் தொலை' என்பதுபோல மகள் அவன் காலை மிதித்தாள். அவன் காலை இழுத்துக்கொண்டான்.

"பொய் சொல்லிப் பொண்ணு கட்ட வேண்டாம் சார். மெயின் ரோட்ல நான் அம்பதுல போவேன். அம்பது போகலாம்னு போர்டே வெச்சிருக்காங்க."

"அப்ப நான் பாத்தது?"

"அந்த மூணு நாள் மட்டும்தான் சார் முப்பது."

அப்பாவின் முகம் சுருங்கியது. "நான் பின்னாடி வர்றது உனக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும் சார்."

"ஓஹோ. அதான் அந்த நடிப்பா? என் சம்மதம் வாபஸ். நீ கிளம்பலாம்."

"என்னங்க..." என்று இழுத்தாள் அம்மா. மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பையன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

அப்பாவுக்கு ஆறவில்லை. பின்னாலேயே போனார். "அது எப்படிய்யா, மூணு நாளும் கொஞ்சம்கூடப் பிசகாம நடிச்சே?"

உள்ளே கேட்காதபடி பையன் குரலைத் தாழ்த்தினான்.

"சார், கண்ணாடியில பாத்தேன். உங்க தலையில ஹெல்மெட் இல்ல. சைடு ஸ்டாண்டும் எடுக்கல. ஆட்டோக்காரர், பஸ்ல இருந்த அம்மா, எல்லாரும் 'ஸ்டாண்டு, ஸ்டாண்டு'ன்னு கத்தினது உங்களைப் பாத்து. நானும் நின்னு சைகை காட்டலாம்னு பாத்தேன், நீங்க பஸ்ஸுக்குப் பின்னாடி ஒளிஞ்சுட்டீங்க. நேர்ல வந்து சொன்னா, மாட்டிக்கிட்டோமேன்னு உங்களுக்குச் சங்கடமா இருக்கும். நான் அம்பதுல போனா நீங்களும் அம்பதுல துரத்துவீங்க..."

ஹெல்மெட்டை மாட்டி வாரை இழுத்துப் போட்டான்.

"பொண்ணு கிடைக்குதோ இல்லையோ, பொண்ணோட அப்பா முழுசா வீடு வந்து சேரணுமில்ல சார்?"

பைக்கை உருட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான்.

அப்பா கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்தார். குரல் கொடுத்தார்.

"மாப்பிள்ளை!"

பையன் திரும்பினான்.

"அம்பதுலயே போங்க."

உள்ளேயிருந்து அம்மா ஓடி வந்தாள். "என்னங்க, என்ன சொன்னார் அவரு?"

"ஒண்ணுமில்ல. ரோடு ரூல்ஸ்ல ரெண்டொரு சந்தேகம் கேட்டார். சொல்லிக் குடுத்தேன்."

"சரி, இந்த நேரத்துல எங்க கிளம்பிட்டீங்க? ஸ்கூட்டர் சாவி?"

"வேண்டாம்," என்றார் அப்பா, திரும்பிப் பார்க்காமல். கடைத்தெருவில் இருந்த ஹெல்மெட் கடை வரை நடந்தே போனார்.