தயிர் டப்பாவில் முட்டைக்கோஸ்

எல்லாரும் சௌக்கியமா? காதை நன்றாக மூடிக்கொண்டு படியுங்கள், குளிர் அப்படி.

ஊட்டி ரெஜினா வீட்டுத் தயிர் டப்பா பேசும் ரகம்; தயிர் கெட்டால் குப்பை வண்டியையும், தீர்ந்தால் புது டப்பாவையும் தானே வரவழைக்கும். அது காலியானதும் அவள் அதில் மண் நிரப்பி, இருபது முட்டைக்கோஸ் விதை போட்டு, மூடியில் ஓட்டை குத்திப் பனியில் வைத்தாள். முளை எட்டிப்பார்த்ததும் டப்பா அலறியது.

"அக்கா, தயிர் பச்சையாயிடுச்சு! குப்பை வண்டியைக் கூப்பிட்டுட்டேன்!"

"அடப்பாவி, அது நாத்து!"

"கெட்டுப்போகலைன்னா சாப்பிட்டுக் காட்டுங்க."

தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டது. ரெஜினா அவசரமாக ஒரு முளையைப் பிடுங்கி மண்ணோடு மென்றாள்.

"ஆகா, என்ன ருசி!"

வண்டி திரும்பிப் போனது. ஆனால் டப்பா தினமும் சாப்பிட்டுக் காட்டச் சொன்னது; அவளும் தினம் ஒரு முளையை மென்றாள். பனி விடும்வரை நாற்றைப் பிடுங்கி நடவும் முடியாது. பனி விட்டபோது மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதைத் தோட்டத்தில் நட்டுவிட்டு வந்தாள்.

"வழிச்சு முடிச்சிட்டீங்களே அக்கா! அவ்வளவு பிடிச்சிருக்கு. இன்னும் பத்து டப்பா வரச் சொல்லிட்டேன்."

உங்கள் வீட்டு டப்பா எப்படி? ஒரு வரி எழுதுங்களேன்.