பாடப் புத்தகமும் கட்டைப் பென்சிலும்

இசைக் கல்லூரி நூலகத்தில் தடியாக ஒரு இசை இலக்கணப் புத்தகம் இருந்தது. நாலு வருஷமாக அதை ஒருத்தரும் எடுத்துப் போகவில்லை. அப்படிப்பட்ட புத்தகங்களை வெள்ளிக்கிழமை பழைய பேப்பர்காரருக்குப் போடப்போகிறார்கள் என்று அதன் காதில் விழுந்தது. ஆனாலும் மிடுக்குக் குறையவில்லை.

எவனோ அதற்குள் மறந்துவிட்டுப் போன கட்டைப் பென்சில் கேட்டது: “அண்ணே, ஓரத்துல நாலு வரி எழுதட்டுமா?”

“என் மேலயா? நான் கல்லூரிப் பாடம்டா!”

“வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் பஜ்ஜி மடிக்கிற பேப்பர்.”

புத்தகம் மெல்ல ஓரத்தைக் காட்டியது. பென்சில் எழுதியது: ‘ஸ என்கிற ஸட்ஜமும் ப என்கிற பஞ்சமமும் மாமனார் மாமியார். போட்ட நாற்காலியை விட்டு நகரவே மாட்டார்கள். ரி, க, ம, த, நி மருமகள்கள். ராகத்துக்கு ராகம் இவர்கள்தான் இடம் மாறி உட்கார வேண்டும்.’

மறுநாள், பரீட்சைக்குப் பயந்துபோன செண்பகம் என்ற மாணவி அதைப் புரட்டினாள். விழுந்து விழுந்து சிரித்தாள். தோழிகளுக்கும் படித்துக் காட்டினாள். வருஷம் பூராவும் மண்டையில் ஏறாத பாடம் ஐந்து நிமிஷத்தில் ஏறிவிட்டது. புத்தகத்துக்கு அடிபிடி. நூலகர் பழைய பேப்பர் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டார்.

புத்தகம் நிமிர்ந்தது. “பார்த்தியா? எல்லாம் என் நடைக்கு வந்த கூட்டம்.”

“ரொம்ப சந்தோஷம் அண்ணே. அப்ப நான் பக்கத்துப் புத்தகத்துக்குப் போறேன்” என்று பென்சில் உருளப் பார்த்தது.

புத்தகம் டப்பென்று மூடி அதை அமுக்கிப் பிடித்தது.

“எங்கடா போறே? தாளப் பாடத்துக்கு இன்னும் ஒண்ணுமே எழுதலையே!”