எலிசாவின் கல்

நகரத்தின் நடுவே வெள்ளைக்காரர் காலத்துக் கல்லறைத் தோட்டம் ஒன்று. அங்கே ஒரு சின்னக் கல்லுக்கு அடியில் வளை தோண்டிய கீரி, மண்ணை உதறிக்கொண்டு வெளியே வந்தது.

"உன்மேல் 'எலிசா, ஏழு மாதக் குழந்தை' என்று எழுதியிருக்கிறது. உள்ளே கிடப்பதோ ஆறடி ஆளின் எலும்பு. ஏன் இந்தப் பொய்?" என்று கல்லைக் கேட்டது.

"பொய் சொல்லவில்லை. ஒரு சண்டையின்போது இங்கிருந்த கற்கள் எங்களையெல்லாம் பெயர்த்துப் பீரங்கிக்கு அடியில் தளமாகப் போட்டார்கள். சண்டை ஓய்ந்ததும் இடம் பார்க்காமல் நட்டுவிட்டார்கள். எலிசா அதோ, மதிலோரம் புல்லுக்கடியில் இருக்கிறாள். இவன் யாரென்று எனக்குத் தெரியாது."

அப்போது ஒரு பெண் வந்தாள். எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் படித்தாள்.

"எங்க வம்சத்துக் குழந்தை நீ. உன்னைத் தேடிக் கண்டுபிடிக்க இத்தனை நாளாயிடுச்சு, கண்ணு" என்றாள். சாமந்திச் சரத்தை வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து மெல்லிய குரலில் தாலாட்டுப் பாடினாள்.

அவள் போனதும் கீரி சீறியது. "தெரிந்தும் சும்மா இருந்துவிட்டாயே! அது குழந்தைக்கு வந்த பாட்டு அல்லவா?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன்" என்றது கல். "ஆனால் இவனைத் தேடி இதுவரை ஒருவரும் வந்ததில்லை. பாட்டு முடியட்டும் என்று இருந்துவிட்டேன்."

கீரி சரத்தை நடுவில் கடித்துத் துண்டாக்கியது. ஒரு பாதியை அங்கேயே விட்டுவிட்டு, மறு பாதியைக் கவ்விக்கொண்டு மதிலோரம் போனது.