சூடம் அணைத்த கை

தாராவி ஊர்க் கூட்டத்தில் நயினார் எகிறினான். "நான் அத்துவிட்ட பொண்டாட்டி எங்கயும் போவட்டும். பூனாவுல ஆயா வேலை பாக்கட்டும். எம் பிள்ள பம்பாயத் தாண்டப்படாது!"

ஒரு நாள்கூட அந்தக் குழந்தையைத் தூக்காதவன், அவளை மறிக்கவே இப்போது உரிமை கொண்டாடினான்.

"பிள்ள தகப்பனுக்குத்தான், செண்பகம். அதுதான நம்ம வழக்கம்?" என்றார் தலைவர் பிரம்மநாயகம்.

செண்பகவல்லி மகளை இறுக்கிக்கொண்டாள். "வழக்கம் சரிதான் அண்ணாச்சி. ஆனா இவுக தகப்பன் இல்லையே."

கூட்டத்தில் நாலைந்து பேர் எழுந்தேவிட்டார்கள்.

"போன வருசம் இவுக அத்துவிடும்போது பட்ட சந்தேகம் நெசந்தான். இது வேற ஆளு பிள்ள."

"சூடத்த அணச்சுச் சத்தியம் பண்ணுவியா?" தலைவர் சூடத்தை ஏற்றி அவள்முன் வைத்தார்.

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள்.

"அன்னைக்கே சொன்னேம்லா! கொண்டுபோய்த் தொல!" நயினார் காறித் துப்பிவிட்டு நடந்தான்.

பூனா ரயிலில் மகள் மடியிலேயே தூங்கிவிட்டாள். நயினாரின் அதே சப்பை மூக்கு, அதே நெற்றிச் சுழி. கொப்புளித்த கையால் அந்த நெற்றியை வருடினாள் செண்பகவல்லி.

போன வருஷம் இதே கையால், "இவுக பிள்ளதான்" என்று சூடம் அணைத்தபோது ஊரில் ஒருவர்கூட நம்பவில்லை.