எடப்புளி நாட்டுச் சென்னம்மாள்

'டேபிள் நிரம்பிவிட்டது' என்ற ஒரே வரியில் கணிப்பொறி ஒற்றைக்காலில் நிற்கிறது. மலையில் சோளக்காடு ஊருக்கு மேலே இருக்கும் அந்தச் சின்ன மருத்துவமனையில் காலையிலிருந்து ஒரு நோயாளியின் பெயர்கூடப் பதிவாகவில்லை. சன்னலுக்கு வெளியே பனிமூட்டத்துக்குள் கூட்டம் இருமிக்கொண்டிருக்கிறது. கரண்டும் போய்விட்டது, மேசைக்கடியில் யுபிஎஸ் விட்டுவிட்டுக் கத்துகிறது. சேந்தமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த கம்ப்யூட்டர்காரன் தரணிதரனுக்குப் பொறுமை போய்விட்டது. "நோயாளிங்க பேரெல்லாம் பதியற டேபிள் ரெண்டு ஜிபிக்கு மேல தாங்காதுங்க சிஸ்டர். நீங்க ஆளாளுக்குப் போட்டோ எடுத்து அதுக்குள்ளயே ரொப்பி வெச்சிருக்கறீங்க. பேரு இருக்குது, ஊரு இருக்குது, மூஞ்சி எதுக்குங்க? அத்தனையும் அழிச்சுட்டா அஞ்சு நிமிசத்துல ஓடுமுங்க." அவன் விரல் டெலீட் விசைமேல் போய் உட்கார்கிறது. நர்ஸ் தாமரைச்செல்வி திரையை எட்டிப் பார்க்கிறாள். அதில் ஒரு பெண் முகம், கீழே 'பெயர்: சென்னம்மாள், ஊர்: எடப்புளி நாடு'. நெற்றியில் பிறை போலத் தழும்பு. பக்கத்தில் சிவப்பு எழுத்தில், பென்சிலின் ஊசி போட்டால் உயிருக்கு ஆபத்து.

"செத்த இருங்க தம்பி." அவள் சன்னல் கதவைத் தள்ளித் திறக்கிறாள். ஈரக்காற்று முகத்தில் அடிக்கிறது. "எடப்புளி நாட்டுச் சென்னம்மா யாருங்க?" பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுகிறாள். பலாமரத்தடியில் இரண்டு பேர் முந்தானையை உதறி எழுகிறார்கள். கைக்குழந்தையோடு இன்னொருத்தி. பனிக்குள்ளிருந்து மேலும் மூன்று முக்காடுகள் நகர்ந்து வருகின்றன. "நானுங்க." "நாந்தானுங்க." தரணிதரன் எண்ணிப் பார்க்கிறான். ஏழு. எல்லா நெற்றியும் முக்காட்டுக்குள் இருக்கிறது. விசைமேல் இருந்த விரலை, சுடுகிற பாத்திரத்திலிருந்து எடுப்பதுபோல் அவன் எடுக்கிறான்.